எண்ணெய்க் கானில் எழுதியிருப்பது என்ன?

யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் மட்டக்களப்பிலும் உள்ள மோட்டார் திருத்துமிடங்களில் நாள்தோறும் ஓர் உரையாடல் நடைபெறுகிறது. "ஐயா, என்ன ஒயில் விடுறது?" என்று வேலை செய்பவர் கேட்கிறார். "நல்லதாப் பார்த்து விடும் தம்பி" என்று கார்ச் சொந்தக்காரர் விடை பகர்கிறார். பகர்ந்துவிட்டுப் பத்திரிகையைக் கையில் எடுத்துக்கொண்டு நிழலில் அமர்ந்துவிடுகிறார். மகளுக்கு மாப்பிள்ளை தேடுகையில் மூன்று தலைமுறை விசாரிப்பவர் அவர். விதை வெங்காயம் வாங்குகையில் மூட்டையை அவிழ்த்துக் கொட்டிப் பார்ப்பவர். காணி உறுதியை வரி வரியாகப் படித்துக் கையொப்பமிடுபவர். அத்தகையவர், இலட்சக்கணக்கான ரூபா பெறுமதியுள்ள ஓர் எஞ்சினுக்குள் ஊற்றப்படுவது இன்னதென்று கேளாமலே பணத்தை எண்ணிக் கொடுத்து வருகிறார். இந்த அலட்சியத்தைப் பற்றித்தான் இவ்வாரம் நாம் எழுத முற்பட்டோம்.

இது சிறிய விடயம் என்று எவரும் எண்ணவேண்டாம். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இந்நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அந்தத் தடை நீங்க 2025ஆம் ஆண்டு பெப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தடை நீங்கிய பின்னரும், வரிச்சுமை காரணமாகப் புதிய கார் என்பது நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாக்கனியாகவே இருக்கிறது. ஆகவே டாக்டர் ஐயாவும் ஆசிரியரும் அப்புக்காத்தும் கமக்காரரும் இன்று வைத்திருக்கும் வாகனம், இன்னும் பத்தாண்டுகள் ஓடியே தீரவேண்டிய வாகனம். அதன் எஞ்சின் கெட்டால், குடும்பத்தின் சேமிப்பில் ஒரு பகுதி கெட்டது என்றே பொருள். கிணற்றைத் தூர்வாரிக் காப்பதுபோல எஞ்சினையும் காக்கவேண்டிய காலம் இது.

எஞ்சினுக்குள் எண்ணெய் ஆற்றும் பணியை எல்லாரும் ஓரளவு அறிவர். உலோகமும் உலோகமும் நேருக்கு நேர் உரசாதபடி இடையில் ஒரு மெல்லிய படலமாக நிற்பது அதன் முதற் கடமை. வெப்பத்தை வெளியே கொண்டு செல்வது, கரியையும் அழுக்கையும் தன்னுள் தாங்கிக்கொள்வது, துருவைத் தடுப்பது என்பன ஏனைய கடமைகள். ஒயில் கறுத்துவிட்டது என்று பதறுபவர்கள் இந்த மூன்றாவது கடமையை மறந்துவிடுகிறார்கள். கரியைத் தாங்குவதால்தான் அது கறுக்கிறது. கறுக்காத எண்ணெயைக் கண்டே நாம் ஐயுற வேண்டும்.

அரசாங்க ஏடுகள் இதனை 'உராய்வு நீக்கி எண்ணெய்' என்று அழைக்கின்றன. பொருத்தமான பெயர்தான். ஆயினும் கடையில் சென்று அப்பெயரைச் சொன்னால் எவரும் திரும்பிப் பாரார். 'எஞ்சின் ஒயில்' என்பதே நடைமுறையில் நின்றுவிட்டது.

இனிக் கானின் மேல் எழுதியிருப்பதைப் பார்ப்போம். பெரிய எழுத்தில் 0டபிள்யூ-20 என்றோ 5டபிள்யூ-30 என்றோ 20டபிள்யூ-50 என்றோ காணப்படும். அமெரிக்க மோட்டார்ப் பொறியியலாளர் சங்கம் வகுத்த அளவு இது. டபிள்யூ என்பது 'வெயிட்', அதாவது பாரம், என்று நம்மவருட் பலர் கருதுகின்றனர். அது பிழை. அவ்வெழுத்து குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. எழுத்துக்கு முன்னுள்ள எண், கடுங்குளிரில் எண்ணெய் எவ்வளவு இலகுவாக அசையும் என்பதைச் சொல்கிறது. எழுத்துக்குப் பின்னுள்ள எண், எஞ்சின் சூடேறி 100 பாகை செல்சியசில் இயங்கும்போது எண்ணெய் எவ்வளவு தடிப்பாக இருக்கும் என்பதைச் சொல்கிறது. முன்னெண் சிறிதாக இருந்தால் குளிரில் நன்கு ஓடும். பின்னெண் பெரிதாக இருந்தால் சூட்டில் தடிப்பாக நிற்கும்.

தேங்காயெண்ணெயை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நுவரெலியாவில் மார்கழிக் காலையில் போத்தலைக் கவிழ்த்தாலும் எண்ணெய் வெளியே வராது. அதையே தாச்சியில் சூடாக்கினால் தண்ணீர்போல் ஓடும். எஞ்சின் எண்ணெயும் அவ்வாறே சூட்டுக்குச் சூடு தன் இயல்பை மாற்றிக்கொள்கிறது. அந்த மாற்றம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு அது உயர்ந்த எண்ணெய் எனலாம்.

இவ்விடத்தில்தான் நமது திருத்துமிடங்களில் நெடுங்காலமாக ஆட்சி செலுத்தும் ஒரு வாதம் குறுக்கிடுகிறது. "இருபதாம் நம்பர் ஒயில் தண்ணி மாதிரி, ஐயா. பனி நாட்டுக்காரருக்குத்தான் அது சரி. எங்கட வெயிலுக்கு ஐம்பது விட்டாற்றான் எஞ்சின் தாங்கும்" என்பதே அவ்வாதம். கேட்பதற்கு நியாயம்போலத் தோன்றுகிறது. கொளுத்தும் வெயிலில் காங்கேசன்துறை வீதியில் நின்றுகொண்டு கேட்பவருக்கு இன்னும் நியாயமாகத் தோன்றும். ஆனால் எஞ்சினுக்கு வெளியேயுள்ள வெயிலும் எஞ்சினுக்கு உள்ளேயுள்ள சூடும் ஒன்றல்ல. ஒவ்வொரு காரிலும் குளிர்நீரின் வெப்பத்தை ஒரே நிலையில் வைத்திருக்கும் வெப்பக்கட்டுப்பாட்டு வால்வு ஒன்று உண்டு. பனி பெய்யும் நாட்டிலாயினும் பருத்தித்துறையிலாயினும், எஞ்சின் சூடேறிய பின் அந்நீர் ஏறக்குறைய 80 முதல் 95 பாகைக்குள் நிற்கும்படியே அது செய்கிறது. எண்ணெயின் சூடும் அதனைத் தழுவியே நிற்கும். ஆகவே வெளியில் 5 பாகையாக இருப்பதும் 35 பாகையாக இருப்பதும், ஓடிச் சூடேறிய எஞ்சினுக்குள் பெரிய வேற்றுமையை உண்டாக்குவதில்லை.

மறுபுறம், காலையில் எஞ்சினை இயக்கும் அந்த முதற் கணத்தை எண்ணிப் பாருங்கள். பொதுவாக 20டபிள்யூ-50 எண்ணெய் 40 பாகைச் சூட்டில், தான் 100 பாகையில் இருப்பதைவிட எட்டு ஒன்பது மடங்கு தடிப்பாக இருக்கும். அதே 40 பாகையில் 0டபிள்யூ-20 எண்ணெயோ அதன் கால்வாசித் தடிப்பே உடையது. யப்பானிலிருந்து வந்த பிரியஸ், அக்குவா போன்ற கலப்பு மின்சாரக் கார்களின் எஞ்சின்கள் ஒரு நாளில் எத்தனையோ தடவை நின்று நின்று இயங்குகின்றன. அவற்றின் வால்வுகளின் நேரத்தை மாற்றும் பொறிகள் எண்ணெயின் அழுத்தத்தைக் கொண்டே இயங்குகின்றன. அவற்றுக்குச் செல்லும் துவாரங்கள் மிகச் சிறியன. அவ்வெஞ்சின்களை வகுத்தவர்கள் மெல்லிய எண்ணெயை மனத்திற்கொண்டே தாங்கிகளின் இடைவெளியையும் எண்ணெய்ப் பம்பையும் அமைத்தார்கள். அதற்குள் ஐம்பதை ஊற்றுவது, குழந்தைக்கு வைத்த பாலாடையில் களியைப் புகட்டுவது போன்றது.

உண்மையை முழுவதும் கூறவேண்டுமாயின் மற்றப் பக்கத்தையும் கூறவேண்டும். மெல்லிய எண்ணெயை உற்பத்தியாளர்கள் விரும்புவதற்கு எரிபொருட் சிக்கனமும் ஒரு பெருங் காரணம். அமெரிக்காவிலும் யப்பானிலும் ஒரு லீற்றருக்கு இத்தனை தூரம் ஓடவேண்டும் என்று சட்டம் வற்புறுத்துகிறது. எஞ்சினின் நலம் ஒன்றே நோக்கமாக அவர்கள் அவ்விலக்கத்தைத் தேர்ந்தார்கள் என்று நாம் சொல்லமாட்டோம். 0டபிள்யூ-20 கிடைக்காதவிடத்து 5டபிள்யூ-30 விடலாம் என்று பல கையேடுகள் அனுமதிக்கின்றன. அதிவேகத்திலோ கடும் பாரத்துடனோ ஓடும் வாகனத்துக்குச் சற்றுத் தடித்த எண்ணெய் பொருத்தமாகலாம் என்றும் அவை குறிப்பிடுகின்றன. எனவே ஒன்றரை இலட்சம், இரண்டு இலட்சம் கிலோமீற்றர் ஓடி, எண்ணெயைச் சிறிது குடிக்கத் தொடங்கிய காருக்கு, கையேடு இடங்கொடுக்குமாயின், இருபதிலிருந்து முப்பதுக்குச் செல்வது நியாயமான முடிவு என்பதே நமது கருத்து. முப்பது குறித்த காருக்கு நாற்பது வரை செல்லலாம். இருபதிலிருந்து ஒரே தாவலில் ஐம்பதுக்குச் செல்வதையே நாம் கண்டிக்கிறோம்.

முன்னெண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. 0டபிள்யூ என்பது பூச்சியத்துக்குக் கீழே 35 பாகைக் குளிரிலும், 5டபிள்யூ என்பது 30 பாகைக் குளிரிலும் பரிசோதிக்கப்படுகின்றன. நம் நாட்டில் அத்தகைய குளிரை எவரும் கண்டதில்லை. ஆகவே பின்னெண் ஒன்றாயிருக்கையில், முன்னெண் பூச்சியமா ஐந்தா என்பதற்காக அதிக விலை கொடுத்து அலைவது இங்கே வீண். பின்னெண்ணிலேதான் கண்ணை வைக்கவேண்டும்.

அடுத்து, கானில் பொன்னெழுத்தில் மின்னும் அந்த மந்திரச் சொல்லுக்கு வருவோம். 'முழுச் செயற்கை' என்பது அச்சொல். அதனைக் கண்டவுடன் பணப்பை தானாகவே திறந்துகொள்கிறது. செயற்கை எண்ணெய் என்பது உண்மையில் யாது?

நிலத்தடியிலிருந்து எடுக்கும் மசகெண்ணெயைக் காய்ச்சி வடித்து, மெழுகையும் கந்தகத்தையும் இயன்றவரை நீக்கிப் பெறுவது கனிய எண்ணெய். அதில் சிறியதும் பெரியதுமான பலவகை மூலக்கூறுகள் கலந்து நிற்கும். செயற்கை எண்ணெயிலோ, எதிலீன் வாயு முதலிய எளிய பொருள்களிலிருந்து ஒரே அளவான மூலக்கூறுகளைக் கட்டியெழுப்புகின்றனர். ஒரே அளவாதலால் அது சூட்டில் எளிதில் ஆவியாகாது. குளிரில் எளிதில் உறையாது. பிராணவாயுவோடு சேர்ந்து விரைவில் கூழாகவும் மாறாது. அமெரிக்காவிலும் ஜேர்மனியிலும் 1930களிலேயே இவ்வாராய்ச்சி முன்னேறியிருந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் மசகெண்ணெய் கிடைக்காது தவித்த ஜேர்மனி, தன் ஆகாய விமானங்களின் பொருட்டு இதனை மேலும் வளர்த்தது. 1970களிலே மோட்டார்க் கார்ச் சொந்தக்காரரின் கைக்கு அது வந்து சேர்ந்தது.

அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனம் அடிப்படை எண்ணெய்களை ஐந்து தொகுதிகளாக வகுத்துள்ளது. முதல் மூன்றும் மசகெண்ணெயிலிருந்து பெறப்படுவன. நான்காவது, நாம் மேலே கூறிய கட்டியெழுப்பிய எண்ணெய். ஏனையவை ஐந்தாவதில் அடங்கும். மூன்றாம் தொகுதி எண்ணெய் மசகெண்ணெயிலிருந்து வந்ததேயாயினும், கடும் அழுத்தத்தில் ஐதரசன் கொண்டு பதப்படுத்தப்பட்டு மிகத் தூய்மை பெற்றது. அதனைச் 'செயற்கை' என்று விளம்பரம் செய்யலாமா என்ற வழக்கு அமெரிக்காவில் இரண்டு பெருங் கம்பனிகளுக்கிடையில் எழுந்தது. 1999ஆம் ஆண்டு, அங்குள்ள விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு, செய்யலாம் என்று தீர்த்தது. அன்று முதல் உலகின் பெரும்பாலான நாடுகளில் 'முழுச் செயற்கை' என்ற பெயரில் விற்கப்படுவதிற் பெரும்பங்கு இந்த மூன்றாம் தொகுதி எண்ணெயே. ஜேர்மனியில் மட்டும் அப்பெயரைச் சூட்டுவதில் கட்டுப்பாடு இருக்கிறது.

இதனால் மூன்றாம் தொகுதி எண்ணெய் போலி என்று நாம் கூறுவதாக எவரும் கொள்ளற்க. அது மிக நல்ல எண்ணெய். சாதாரணக் கார் ஒன்றிற்குத் தாராளமாகப் போதும். நாம் கூறுவது இதுதான்: 'முழுச் செயற்கை' என்ற சொல் தனியே எதையும் நிரூபிக்காது. 'அரைச் செயற்கை' என்ற சொல் அதனினும் மெலிது. எத்தனை வீதம் கலந்தால் அப்பெயர் பொருந்தும் என்று சர்வதேச வரையறை எதுவும் கிடையாது. சொட்டுக் கலந்தவரும் பாதி கலந்தவரும் ஒரே பெயரை எழுதிக்கொள்கின்றனர்.

அப்படியாயின் எதைப் பார்ப்பது? கானின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் ஏ.பி.ஐ. என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். மேற்குறித்த பெற்றோலிய நிறுவனத்தின் தரக்குறி அது. பெற்றோல் எஞ்சினுக்குரியது எஸ் என்ற எழுத்தில் தொடங்கும். அதற்கடுத்த எழுத்து அகரவரிசையில் எவ்வளவு பிந்தியதோ அவ்வளவு புதிய தரம். எஸ்.என். 2010ஆம் ஆண்டிலும், எஸ்.பி. 2020ஆம் ஆண்டிலும், எஸ்.கியூ. 2025ஆம் ஆண்டிலும் வந்தன. எஸ்.எஃப். என்று எழுதியிருந்தால், 1988ஆம் ஆண்டுக்கும் அதற்கு முற்பட்ட கார்களுக்கும் உரியது அது என்று அறிந்து தட்டிலேயே வைத்துவிடுங்கள். புதிய சிறிய எஞ்சின்களில் காற்றை அழுத்திச் செலுத்தும் டர்போவும் நேரடி எரிபொருட் பாய்ச்சலும் சேர்ந்திருக்குமாயின், எஸ்.பி. தரத்துக்குக் குறைந்ததை விடவே கூடாது. அத்தகைய எஞ்சின்களில் மெதுவாக ஓடும்போது எரிபொருள் முந்திப் பற்றி, பிஸ்டனையே உடைத்துவிடும் ஆபத்து உண்டு. எண்ணெயிலுள்ள கல்சிய உப்புகள் மிகுந்தால் அவ்வாபத்துப் பெருகும் என்று கண்டறிந்து, அதனைத் தடுக்கும் பரிசோதனையை அத்தரத்தில் சேர்த்துள்ளனர். ஐரோப்பியக் கார் வைத்திருப்போர் ஏ.சி.ஈ.ஏ. என்ற குறியையும், உற்பத்தியாளர் தம் பெயரில் வகுத்த தனிக்குறியையும் தேடவேண்டும்.

ஆகவே இன்ன இலக்கம், இன்ன ஏ.பி.ஐ. தரம் என்ற இரண்டும் கையேட்டோடு பொருந்திய கனிய எண்ணெய், பொருந்தாத முழுச் செயற்கை எண்ணெயைவிட உயர்ந்தது. இரண்டும் பொருந்திய செயற்கை எண்ணெய் கைக்கெட்டும் விலையில் கிடைக்குமாயின் அதுவே எல்லாவற்றிலும் உயர்ந்தது. 0டபிள்யூ-20 வேண்டுமென்ற காருக்கு இந்த வாதமே எழாது. கனிய எண்ணெயைக் கொண்டு அவ்விலக்கத்தை எட்டுவது இயலாதாதலின் அந்தக் கான் எப்படியும் செயற்கையாகவே இருக்கும்.

பழைய கார்களின் கதை வேறு. யாழ்ப்பாணத்து வீதிகளில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ-40உம் இன்னும் முற்றாக மறையவில்லை. 1990களில் பெற்றோல் வடக்கே வராது தடுக்கப்பட்டிருந்த ஆண்டுகளில் இக்கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை நம் வாசகர்களிற் பலர் கண்ணாற் கண்டவர்கள், சிலர் ஓட்டியவர்கள். சில துளி பெற்றோலை ஊதி எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் முற்றாக எரியாது. எரியாத பகுதி சிலிண்டர்ச் சுவர் வழியே வழிந்து கீழேயுள்ள எஞ்சின் ஒயிலோடு கலந்து, அதன் தடிப்பைக் கெடுக்கும். கோலை உருவிப் பார்த்தால் ஒயில் குறையாமல் ஏறியிருக்கும்! ஏறியதைக் கண்டு மகிழ்ந்தவர்களின் எஞ்சின்கள் போயின. ஏறியதைக் கண்டு அஞ்சி, அடிக்கடி ஒயிலை மாற்றியவர்களின் எஞ்சின்கள் பிழைத்தன. எந்தப் பொறியியற் கல்லூரியும் போதியாத பாடத்தை அந்த நெருக்கடி நமக்குப் போதித்தது.

அந்தப் பழைய எஞ்சின்களுக்கு இன்றைய மெல்லிய செயற்கை எண்ணெய் தேவையில்லை என்பதோடு, தகாதது என்றும் கூறலாம். அவற்றின் கம் தண்டும் தட்டையான தப்பெட்டும் ஒன்றோடொன்று வழுக்கி உரசுகின்றன. அவ்வுரசலைத் தாங்குவது எண்ணெயிலுள்ள நாகமும் பொசுபரசும் சேர்ந்த ஒரு சேர்மானம். புகைக்குழாயிலுள்ள சுத்திகரிப்புக் கருவியைக் கெடுக்கிறது என்ற காரணத்தால், முப்பதும் அதற்குக் குறைந்ததுமான எண்ணெய்களில் பொசுபரசுக்கு உச்சவரம்பு இடப்பட்டுள்ளது. நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் அவ்வரம்பு இல்லை. ஆதலால் மொறிஸ் மைனருக்கு 20டபிள்யூ-50 கனிய எண்ணெயே ஏற்றது. அங்கே நமது பழைய மெக்கானிக்கின் வாக்குச் சரியானது. அவர் செய்த தவறு, மொறிஸ் மைனரிற் கற்றதைப் பிரியசுக்கும் பிரயோகித்தது ஒன்றே.

கமக்காரருக்குச் சில வார்த்தைகள் தனியே சொல்லவேண்டும். நீரிறைக்கும் சிறிய நான்கடிப்பு எஞ்சின்களில் எண்ணெயை வடிக்கும் வடியே கிடையாது. அரை லீற்றருக்குச் சற்று மேற்பட்ட எண்ணெய்தான் முழு எஞ்சினையும் தெறித்துத் தெறித்துக் காக்கிறது. அதனை 100 மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்பது பொதுவிதி. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் நாளொன்றுக்கு நான்கு மணித்தியாலம் இறைப்பவருக்கு 100 மணித்தியாலம் இருபத்தைந்து நாளில் முடிந்துவிடும். நம்மவர் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுகின்றனர். பிறகு அந்தக் கம்பனியின் பம்பு சரியில்லை என்று குறைகூறுகின்றனர். இங்கே விலையுயர்ந்த செயற்கை எண்ணெய் வேண்டாம். கையேடு குறிக்கும் 10டபிள்யூ-30 அல்லது தனி முப்பது, காலம் தவறாமல் மாற்றப்பட்டாற் போதும்.

மோட்டார்ச் சைக்கிளுக்குக் காரின் ஒயிலை விடுவது இன்னொரு வழக்கம். பெரும்பாலான மோட்டார்ச் சைக்கிள்களில் கிளச்சும் எஞ்சினும் ஒரே எண்ணெயில் மூழ்கிக் கிடக்கின்றன. எரிபொருட் சிக்கனத்துக்கென உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்த்த காரின் ஒயில், அந்தக் கிளச்சை வழுக்கச் செய்துவிடும். யப்பானியத் தரக்குறியாகிய ஜே.ஏ.எஸ்.ஓ. எம்.ஏ. என்று கானில் எழுதியிருந்தால் மட்டுமே வாங்குங்கள். உழவு இயந்திரத்துக்கும் லான்ட்மாஸ்டருக்கும் உரிய டீசல் எண்ணெயின் குறி, சி என்ற எழுத்தில் தொடங்கும். சி.ஐ.-4 என்பது போல எழுதப்பட்டிருக்கும். அநேகமாக 15டபிள்யூ-40 பொருந்தும்.

நமது செம்மண் பூமியில் எண்ணெயைவிட முக்கியமான ஒன்றை மறந்துவிடலாகாது. அது காற்று வடி. தோட்டத்துப் புழுதி எஞ்சினுக்குள் சென்றால், அதிலுள்ள மணல் சிலிண்டரை அரத்தாற் தேய்ப்பதுபோல் தேய்க்கும். கிழிந்த காற்று வடியை வைத்துக்கொண்டு முழுச் செயற்கை ஒயில் விடுபவர், ஓட்டைக் கூரையின் கீழ் பட்டு மெத்தை விரிப்பவர்.

எத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவது என்பதில் நமது திருத்துமிடங்கள் 5,000 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நல்ல செயற்கை எண்ணெய் 10,000 கிலோமீற்றர் அல்லது ஓராண்டு, இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை செல்லும் என்று பெரும்பாலான கையேடுகள் கூறுகின்றன. ஆயினும் அதே கையேடுகள், குறுந்தூரம் மட்டும் ஓடும் காருக்கும் புழுதியில் ஓடும் காருக்கும் பாதித் தூரமே விதிக்கின்றன. வீட்டிலிருந்து கந்தோருக்கு மூன்று கிலோமீற்றர் சென்று திரும்புபவரின் எஞ்சின் ஒருநாளும் முற்றாகச் சூடேறுவதில்லை. அதற்குள் நீராவியும் பெற்றோலும் தேங்கும். ஆண்டுக்கு 4,000 கிலோமீற்றரே ஓடினாலும் அவர் ஆண்டுக்கொருமுறையேனும் மாற்றவேண்டும். கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே நீண்ட வீதியில் ஓடுபவர் துணிந்து 10,000 வரை செல்லலாம். செயற்கை எண்ணெயின் அதிக விலை இவருக்கு ஓட்டத்திலேயே திரும்பிவிடும். முன்னையவருக்குத் திரும்பாது.

போலி எண்ணெயைப் பற்றிய முறைப்பாடுகள் நமக்கும் வருகின்றன. நமக்கு அறிமுகமான ஓர் ஆசிரியர், பெயர் பெற்ற முத்திரையுள்ள கான் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கினார். மூன்று மாதத்தில் வால்வு மூடியைத் திறந்தபோது உள்ளே தார்போன்ற களி. கான் உண்மையானது, உள்ளிருந்தது வேறு. வெற்றுக் கான்களைச் சேர்த்து விலைக்கு வாங்குவோர் இருக்கும்வரை இத்தொழில் நடக்கும். ஆகவே ஒயில் மாற்றியதும் வெற்றுக் கானைக் கையோடு வாங்கி, ஆணியால் ஒரு துளையிட்டுவிடுங்கள். முத்திரை உடையாத கானை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றுவதை ஏற்காதீர்கள். இதனைக் கேட்பது எவரையும் அவமதிப்பதாகாது. நேர்மையான மெக்கானிக் அதற்காகக் கோபிக்கமாட்டார்.

இவ்வளவும் எழுதியபின், 'கையேட்டைப் பார்' என்று திரும்பத் திரும்ப நாம் கூறுவதில் ஒரு கசப்பான நகைச்சுவை இருப்பதை உணர்கிறோம். யப்பானிலிருந்து பாவித்த காராக வந்திறங்கிய வாகனத்தின் கையேடு யப்பானிய மொழியில் இருக்கிறது. கானின் மேலுள்ளதோ ஆங்கிலம். கமக்காரர் எதைப் படிப்பார்? இந்நாட்டின் அரசகரும மொழிகளில் தமிழும் ஒன்று என்று அரசியலமைப்பில் எழுதி ஒரு தலைமுறை கடந்துவிட்டது. வாகனத்தை விற்பவர்கள் இரண்டு பக்கத்தில், எண்ணெயின் இலக்கம், தரம், கொள்ளளவு, மாற்றவேண்டிய தூரம் என்பனவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டுக் கொடுப்பதற்கு எவ்வளவு செலவாகும்? காரின் விலையில் அது ஒரு தூசு. அதுவரை, கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இவ்விவரத்தை அறிந்தவரிடம் கேட்டு ஒரு துண்டுக் கடுதாசியில் எழுதி, எஞ்சின் மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிட வேண்டுகிறோம். அதன்பின் மெக்கானிக் தம்பி கேட்கும் கேள்விக்கு அந்தக் கடுதாசி விடை சொல்லும்.

வடித்தெடுத்த கழிவு ஒயில் எங்கே செல்கிறது என்ற கேள்வி இன்னும் எஞ்சி நிற்கிறது. வேலிக் கட்டைக்குப் பூசுவோரும், கறையானுக்கு ஊற்றுவோரும், கொல்லையிற் கொட்டுவோரும் நம்மிடையே உண்டு. வலிகாமத்தின் நிலம் சுண்ணாம்புக் கல். வெடிப்பும் குகையும் நிறைந்தது. மேலே கொட்டியது வடிகட்டப்படாமலே கிணற்றுக்குச் சென்றுவிடும். சுன்னாகம் மின்னிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் மிதந்ததையும், மக்கள் பவுசர்த் தண்ணீருக்கு வரிசையில் நின்றதையும் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வழக்கில் 2019ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம், பாதிக்கப்பட்ட மக்களுக்கு இரண்டு கோடி ரூபா நட்டஈடு கொடுக்குமாறு அந்த மின்னுற்பத்திக் கம்பனிக்குக் கட்டளையிட்டது. பெரிய கம்பனி செய்ததை நாம் கண்டித்தோம். அதே பாதகத்தைச் சிறிய அளவில், நான்கு லீற்றர் நான்கு லீற்றராக, நாமே செய்துகொண்டிருக்கிறோம்.

ஒவ்வொரு பிரதேச சபையும் தன் எல்லைக்குள் ஒரு கழிவு ஒயிற் பீப்பாயையேனும் வைத்து, நிரம்பியதும் அதனை முறைப்படி எரிக்கவோ சுத்திகரிக்கவோ அனுப்ப ஒழுங்கு செய்யவேண்டும் என்று கேட்கிறோம். வாகனத் திருத்துமிடத்துக்கு அனுமதிப் பத்திரம் வழங்கும்போது, கழிவு ஒயிலை எங்கே கொடுத்தீர் என்பதற்குப் பற்றுச்சீட்டுக் காட்டவேண்டும் என்பதை ஒரு நிபந்தனையாகச் சேர்ப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. எந்தச் சபை இதனை முதலில் நிறைவேற்றுகிறதோ, அதன் பெயரை இப்பத்தியில் எழுதக் காத்திருக்கிறோம்.